பனிச்சரிவு: மலைக்குப் போகும் பிள்ளையிடம் எதைக் கேட்பது?

"பனிக்குள்ள நிக்காதை, தடிமன் வரும்" என்று மார்கழி விடியலில் முற்றத்தில் இறங்கிய எங்களை அம்மாமார் அதட்டுவார்கள். அது பூவரசம் இலையிலும் புல் நுனியிலும் துளித்து நின்று, எட்டு மணி வெயிலில் இல்லாமற்போகும் பனி. புலம்பெயர்ந்து வந்தபின் ஆகாயத்திலிருந்து விழும் வெள்ளைத் துகளுக்கும் அதே சொல்லையே வைத்துக்கொண்டோம். தெருவில் இறுகிக் காலை வழுக்குவதும் பனிதான். மலையில் இரண்டு மீற்றர் உயரத்துக்கு அடுக்கடுக்காகப் படிந்து, ஒரு மனிதனின் பாரத்தில் முறிந்து ஓடுவதும் எமக்குப் பனிதான். இத்தனையையும் ஒரே சொல்லுக்குள் போட்டுக்கொண்டதாலோ என்னவோ, கடைசியாகச் சொன்னதை நாம் சரியாகப் பார்க்கவில்லை.

1980களிலும் 90களிலும் சுவிற்சர்லாந்துக்கு வந்த எம்மவரில் பலர் மலையடிவார ஹோட்டல்களின் குசினிகளில் வேலை செய்தார்கள். மலை யன்னலுக்கு வெளியே இருந்தது. அதில் ஏற நேரமும் இல்லை, காசும் இல்லை, ஆசையும் பெரிதாக இல்லை. பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் பாடசாலையோடு பனிச்சறுக்கு முகாமுக்குப் போனார்கள். இன்று வளர்ந்து, வேலை எடுத்து, "சனிக்கிழமை நண்பர்களோட ஸ்கீ ருவர் போறன்" என்கிறார்கள். அப்போது நாம் கேட்பது, "குளிருக்கு உடுப்புக் காணுமா?" என்பதுதான். கேட்க வேண்டியது வேறு. அதைக் கேட்பதற்குப் பனிச்சரிவு என்றால் என்னவென்று முதலில் விளங்க வேண்டும்.

சுவிற்சர்லாந்தை மையமாக வைத்தே இங்கு எழுதுகிறோம். பனியின் இயல்பு நோர்வேயிலும் கனடாவின் மேற்கு மலைகளிலும் ஒன்றுதான். அறிவித்தல் தரும் நிறுவனங்களும் தொலைபேசி இலக்கங்களும் மாறும்.

மேலிருந்து வந்து விழுவது அல்ல

திரைப்படங்களில் பார்த்த பனிச்சரிவில் மலையுச்சி இடிந்து, புகை மண்டலம்போல் இறங்கி ஊரை மூடும். அப்படியும் நடந்திருக்கிறது. 1950/51 குளிர்காலத்தில் சுவிற்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பலர் தங்கள் வீடுகளிலேயே இறந்தார்கள். 1999 பெப்ரவரி 23ஆம் திகதி ஒஸ்திரியாவின் கால்ற்றூர் கிராமத்தில் 31 பேரும், மறுநாள் அருகிலுள்ள வால்சூரில் 7 பேரும் மாண்டனர். அதே கிழமையில் வாலிஸ் மாநிலத்து எவொலேனில் 12 பேர் இறந்தனர்.

ஆனால் 1951இற்குப் பின் ஊர்களையும் வீதிகளையும் காக்க இந்த நாடு பெரும்பணம் செலவழித்திருக்கிறது. மலைச்சரிவுகளில் வரிசைவரிசையாக நிற்கும் இரும்பு வேலிகளை ரயிலில் போகும்போது கண்டிருப்பீர்கள். பனி கிளம்பும் இடத்திலேயே அதைப் பிடித்து வைப்பதற்கானவை அவை. எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று நிறம் தீட்டிய வரைபடங்கள் இருக்கின்றன. ஊறி மாநிலத்து அண்டர்மாற்றில் ஊருக்கு மேலுள்ள காட்டை வெட்டக்கூடாது என்று 1397ஆம் ஆண்டிலேயே தடை போட்டிருக்கிறார்கள். அந்தக் காடுதான் ஊரின் கவசம்.

இப்போது சுவிற்சர்லாந்தில் ஆண்டுக்குச் சராசரியாக 20 முதல் 25 பேர் பனிச்சரிவில் இறக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டோர் இறப்பது வீட்டிலோ வீதியிலோ அல்ல. பாதுகாக்கப்பட்ட சறுக்குப் பாதைகளுக்கு வெளியே, திறந்த மலையில்தான். இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவில், அந்தச் சரிவைத் தாங்களே, அல்லது தங்களோடு வந்த ஒருவரே கிளப்பியிருக்கிறார்கள். நின்றவர்மேல் எங்கிருந்தோ வந்து விழுந்ததல்ல. மலை தானாகக் கொல்வதில்லை என்று சொல்ல வரவில்லை. அப்படி நடந்த ஒன்றைக் கீழே சொல்வோம். ஆனால் பெரும்பாலும் இது ஒரு முடிவின் விளைவு. இன்று போவதா, எந்தச் சரிவில் போவது, எந்த இடத்தில் திரும்புவது என்ற முடிவுகள். அதனால்தான் கேள்வி கேட்பதில் பயன் இருக்கிறது.

பலகையும் சீனியும்

திறந்த மலையில் உயிர்குடிக்கும் சரிவுகளில் மிகப் பெரும்பான்மையை ஜேர்மன் மொழியில் ஷ்னேபிறெற் என்கிறார்கள். அதாவது பனிப்பலகை. ஒரு புள்ளியில் தொடங்கிச் சிதறி இறங்கும் தளர்பனிச் சரிவு வேறு. பலகைச் சரிவில் ஒரு பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில், கத்தியால் வெட்டினாற்போல நேர்கோட்டில் அறுந்து வழுக்குகிறது. சறுக்குபவர் ஒருவர் கிளப்பும் வழமையான சரிவு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் தடிப்பும் 50 மீற்றர் அகலமும் 150 முதல் 200 மீற்றர் நீளமும் கொண்டது. திரைப்பட அளவு அல்ல. ஆனால் ஆளைப் புதைக்க அது தாராளமாகப் போதும். நின்று படிந்த பனியில் ஒரு கனமீற்றர் 300 முதல் 500 கிலோகிராம் வரை நிறைகொள்ளும்.

பலகை வழுக்க, அதன் அடியில் வலுவற்ற அடுக்கொன்று இருக்க வேண்டும். அது எப்படி உருவாகிறது என்பதில்தான் எங்கள் பொதுப்புத்தி பிழைக்கிறது. பனி அதிகம் விழுந்தால் ஆபத்து, குறைவாக விழுந்தால் ஆபத்தில்லை என்றும், குளிர் கூடினால் பனி இறுகிப் பலமாகிவிடும் என்றும் நினைக்கிறோம். இரண்டும் முழு உண்மையல்ல.

நிலத்தை ஒட்டிய பனியின் வெப்பநிலை பூச்சியத்தை அண்டியே இருக்கும். மேற்பரப்பு தெளிந்த இரவுகளில் மிகக் கடுமையாகக் குளிரும். பனிப்போர்வை மெல்லியதாக இருந்தால் அந்த வேறுபாடு சிறிய தடிப்புக்குள் அடங்குகிறது. கீழிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, வழியில் உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டாத, விளிம்பு கூரான பெரிய படிகங்களாக மாறுகிறது. கையில் அள்ளினால் சீனிபோல் விரலிடுக்கில் கொட்டும். கார்த்திகையில் கொஞ்சம் விழுந்து, மார்கழி முழுவதும் வெயிலும் குளிருமாக இருந்து, தையில் அரை மீற்றர் புதுப்பனி விழுந்தால், சீனிப் படுக்கையின்மேல் பலகை போட்டாயிற்று. வெயில் படாத வடக்குச் சரிவுகளில் அந்தப் படுக்கை மாதக்கணக்காக மாறாமல் கிடக்கும். கிறவுபுண்டன், வாலிஸ் மாநிலங்களின் உட்பகுதிகளில் பனி குறைந்த ஆண்டுகள் அச்சமூட்டுவது இதனால்தான்.

மற்றக் காரணம் காற்று. கச்சான், சோளகம், வாடை, கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றை அறிந்தவர்கள் எங்கள் கரையோர மக்கள். எந்தக் காற்றில் வலை போடலாம், எதில் வள்ளத்தைக் கரையில் ஏற்றிக் கட்டவேண்டும் என்பதை அவர்களுக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. மலையிலும் காற்றே பெரிய வேலை பார்க்கிறது. விழுந்த பனியை ஒரு பக்கத்தால் அள்ளி, முகட்டின் மறுபக்கத்தில், பள்ளங்களில், நொறுக்கி இறுக்கமாக அடுக்கிவிடுகிறது. ஆகாயத்திலிருந்து ஒரு துகள்கூட விழாத நாளிலும் காற்று புதுப்பலகை கட்டிவிடும். மணல்மேடுபோல் அலையலையாகக் கிடக்கும் பனி, காற்று வேலை செய்த தடயம்.

பங்குனி, சித்திரையில் கதை மாறுகிறது. காலையில் கல்லுப்போல் உறைந்திருக்கும் பனி, மதிய வெயிலில் நீர் ஊறி வலுவிழக்கும். அந்த மாதங்களில் மலையேறுபவர்கள் இருட்டோடு புறப்பட்டு மதியத்துக்கு முன் இறங்கிவிடுவது இதற்காகத்தான். பிள்ளை காலை நாலு மணிக்கு எழும்பிப் போகிறது என்றால் சந்தோஷப்படுங்கள்.

30 பாகை

பலகைச் சரிவு ஏறத்தாழ 30 பாகைக்கு மேற்பட்ட சாய்விலேயே கிளம்புகிறது. பனிச்சரிவு அறிவில் மிகவும் பயன்படும் ஓர் எண் இருந்தால் அது இதுதான். பனியின் உள்ளடுக்குகள் கண்ணுக்குத் தெரியாது. சாய்வு தெரியும், அளக்கலாம். சுவிற்சர்லாந்தின் நில அளவை நிறுவனமான சுவிஸ்ரோப்போவின் இலவச வரைபடத்தில் 30 பாகைக்கு மேலான சரிவுகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, ஊதா என நிறமிட்டுப் பார்க்கலாம். கைத்தொலைபேசியிலேயே வரும். நிறமில்லாத இடங்களினூடாக மட்டும் பாதையைத் தெரிந்தெடுத்தால் ஆபத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. முழுவதும் அல்ல. நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும், மேலே நிறம் தீட்டிய சரிவு இருந்தால் அது உங்களிடம் வந்துசேரும். வலுவற்ற அடுக்கு மோசமாக இருக்கும் நாட்களில், அடிவாரத்தில் நடப்பவரின் காலடியில் தொடங்கும் வெடிப்பு மேலேறிப்போய்ச் சரிவைக் கிளப்புவதும் உண்டு.

வேர்னர் முன்ரர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி, சாய்வையும் அன்றைய ஆபத்துப் படிநிலையையும் பொருத்தி எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். படிநிலை 2 என்றால் 40 பாகைக்குக் கீழே, 3 என்றால் 35இற்குக் கீழே, 4 என்றால் 30இற்குக் கீழே நிற்கவேண்டும். சரிவின் மிகச் செங்குத்தான பகுதியை வைத்தே கணக்கிடவேண்டும். நன்கு பழகியவர்கள் இதைவிட நுணுக்கமாகச் சிந்திப்பார்கள். புதிதாகப் போகும் எமது பிள்ளைகளுக்கு இந்த வேலியே போதுமானது. இன்னும் ஒரு படி கீழே நின்றாலும் குறையொன்றுமில்லை.

ஐந்தில் மூன்று

டாவோஸ் நகரில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. எஸ்.எல்.எப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1945இலிருந்து அது பனிச்சரிவு அறிக்கையை வெளியிட்டு வருகிறது. குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அறிக்கை வரும். நடுக்குளிர்காலத்தில் காலை 8 மணிக்குப் புதுப்பிக்கப்படும். இணையத்திலும் வைற் றிஸ்க் என்ற செயலியிலும் இலவசம். ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் இருக்கிறது. தமிழில் இல்லை.

ஐந்து படிநிலைகள். 1 குறைவு, 2 மிதமானது, 3 கணிசமானது, 4 பெரியது, 5 மிகப் பெரியது. ஐரோப்பா முழுவதும் 1993 முதல் இதுவே பொது அளவு. வடஅமெரிக்காவிலும் ஐந்து படிகள்தான்.

பரீட்சைப் புள்ளி பார்த்துப் பழகிய எமக்கு ஐந்தில் மூன்று என்றால் நடு. பயமில்லை என்று தோன்றும். இந்த அளவு அப்படிக் கட்டப்பட்டதல்ல. படி ஒன்று ஏற, ஆபத்துப் பல மடங்காகிறது. சுவிற்சர்லாந்தில் குளிர்கால நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் படிநிலை 3 அறிவிக்கப்படுகிறது. பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி அந்த நாட்களிலேயே நிகழ்கிறது. 4 என்று போட்டால் எல்லோரும் வீட்டில் நின்றுவிடுவார்கள். 5 என்பது மிக அரிது. 1999இற்குப் பின் பரந்த பகுதிக்கு அது முதன்முறையாக அறிவிக்கப்பட்டது 2018 ஜனவரியில்தான். ஆட்கள் சாவது மூன்றில். ஜேர்மன் அறிக்கையில் எர்ஹேப்லிக் என்ற சொல்லைக் கண்டால், சாதாரணம் என்று மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள்.

இலக்கம் அறிக்கையின் தலைப்பு மட்டுமே. அதன் கீழே எந்தத் திசைச் சரிவுகள், எந்த உயரத்துக்கு மேலே என்பது ஒரு வட்டப்படமாக இருக்கும். வடக்கு முதல் கிழக்கு வரை, 2200 மீற்றருக்கு மேல் என்று போட்டிருந்தால், தெற்குப் பக்கத்தில் 1800 மீற்றரில் நடப்பவருக்கு அன்று வேறு நாள். என்ன வகைச் சிக்கல் என்பதும் எழுதப்பட்டிருக்கும்: புதுப்பனியா, காற்று அடுக்கியதா, பழைய வலுவற்ற அடுக்கா, ஈரப்பனியா, நிலத்தோடு வழுக்கும் பனியா. இவற்றில் பழைய அடுக்குச் சிக்கலே வஞ்சகமானது. மேலே எந்த அடையாளமும் காட்டாது. அந்தச் சொல்லைக் கண்ட நாட்களில் செங்குத்துச் சரிவுகளை முற்றாக விட்டுவிடுவதே எமது கருத்து.

மலையே தரும் அறிவித்தல்களும் உண்டு. நடக்கும்போது காலுக்குக் கீழே வூம் என்று அமுங்கிய சத்தம் கேட்டால், அடியிலுள்ள அடுக்கு முறிந்துவிட்டது என்று பொருள். சறுக்குப் பலகையிலிருந்து வெடிப்புகள் ஓடினால், பக்கத்துச் சரிவில் அன்று விழுந்த பனிச்சரிவைக் கண்டால், திரும்பவேண்டியதுதான். வேறொருவரின் தடம் அந்தச் சரிவில் இருக்கிறது என்பது எதையும் நிரூபிக்காது. முதல் பத்துப் பேர் போனபின் பதினொராவது ஆளின் கீழே கிளம்பிய சரிவுகள் இருக்கின்றன.

இரண்டு நாள் பனி கொட்டி, மூன்றாம் நாள் நீலவானமும் வெயிலுமாக விடிந்தால், அன்றுதான் எல்லோரும் புறப்படுவார்கள். வாட்ஸ்அப்பில் படம் வரும். சறுக்குபவர்களுக்கு மிக ஆபத்தான நாட்களில் ஒன்று அந்த முதல் வெயில் நாள். ஒரு நாள் பொறுத்தால் புதுப்பனி ஓரளவு படிந்திருக்கும்.

சறுக்காதவர்களுக்கு

குடும்பமாக மலைக்குப் போய், பிள்ளைகளைச் சறுக்குவண்டியில் விட்டு, கொண்டுபோன புட்டையும் சம்பலையும் வெயிலில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருபவர்களுக்குப் பனிச்சரிவு பற்றி என்ன கவலை? பாதையை விட்டு விலகாதவரை கவலையில்லை. எது பாதை என்பதில்தான் குழப்பம்.

சுவிற்சர்லாந்தில் கோடைகால நடைபாதைகளுக்கு மஞ்சள் கைகாட்டிகள். அவை குளிர்காலத்திலும் கழற்றப்படாமல் அங்கேயே நிற்கும். மஞ்சள் பலகையைக் கண்டு, கோடையில் போன பாதைதானே என்று பனியில் இறங்கினால், அது யாரும் பார்த்துப் பாதுகாக்காத இடமாக இருக்கலாம். குளிர்கால நடைபாதை, ஷ்னேஷூ என்ற பனிநடைக் காலணிக்கான பாதை, சறுக்குவண்டிப் பாதை ஆகியவற்றுக்கு ரோஸ் நிறப் பலகைகள். குளிர்கால நடைபாதை திறந்திருக்கிறது என்றால் பனிச்சரிவுக்கு எதிராகவும் பார்க்கப்பட்டிருக்கும். பனிநடைக் காலணிப் பாதையில் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு நடப்பவருடையது. போகுமுன் அறிக்கையைப் பார்க்கவேண்டும். பனிநடைக் காலணி ஆபத்தில்லாத விளையாட்டு என்று எம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. சரிவு உங்கள் காலில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை.

சறுக்குப் பாதைகளில் நீலம், சிவப்பு, கறுப்பு என்பன கடினத்தின் அளவுகள். மூன்றுமே திறந்திருக்கும் நேரத்தில் பாதுகாக்கப்பட்டவை. மாலையில் பாதை மூடியபின் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலே பனியை வெடிவைத்து இறக்குவது பெரும்பாலும் ஆளில்லாத நேரங்களில்தான். கயிறு கட்டி கெஷ்பேற் என்று எழுதியிருந்தால், அங்கே போகாதே என்று பொருள். அரைமணி நேரம் மிச்சம் பிடிக்கக் கயிற்றுக்குக் கீழால் குனிவதற்கு நியாயம் எதுவும் கிடையாது. இதில் காசும் சம்பந்தப்பட்டிருக்கிறது. வேலை செய்பவர்களுக்கான விபத்துக் காப்புறுதி, ஒருவர் தெரிந்தே பெருந்துணிகரத்தில் இறங்கினார் என்று கண்டால், பணக்கொடுப்பனவைக் குறைக்கலாம்.

பாடசாலைப் படிவம்

முகாமுக்கான படிவம் வீட்டுக்கு வரும். அதை வாசிக்காமல் கையொப்பமிடுவது எமது முதல் தலைமுறைக்குப் பழகிப்போன ஒன்று. மொழி ஒரு காரணம். வாத்தியார்மாரிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்ற எண்ணம் இன்னொன்று. சுவிற்சர்லாந்தின் பாடசாலை முகாம்கள் பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட பாதைகளிலேயே நடப்பவை, பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பிள்ளைகள் பாதைக்கு வெளியே கொண்டுபோகப்படுவார்களா, அப்படியானால் யார் கூட்டிப்போகிறார்கள், அவர்களுக்குப் பனிச்சரிவுப் பயிற்சி இருக்கிறதா என்று கேட்கலாம். யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

கனடாவில் 2003 பெப்ரவரி 1ஆம் திகதி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் றொஜேர்ஸ் கணவாய்ப் பகுதியில், ஆல்பேர்ட்டாவிலிருந்து பாடசாலைப் பயணமாக வந்த பத்தாம் வகுப்பு மாணவர்களும் பெரியவர்களுமாக 17 பேர் ஒரு பள்ளத்தாக்கின் வழியே சறுக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று மேல்மலையில் அறிவிக்கப்பட்ட ஆபத்து, அந்த நாட்டு அளவில் கணிசமானது, அதாவது மூன்று. அவர்கள் சரிவில் ஏறவில்லை. இடைவெளி விட்டே போனார்கள். தேடற்கருவிகளும் வைத்திருந்தார்கள். மேலே கியொப்ஸ் மலையிலிருந்து தானாகக் கிளம்பிய பெருஞ்சரிவு பள்ளத்தாக்கு வரை இறங்கி எல்லோரையும் அடித்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அருகில் நின்று பார்த்த இரண்டு மலை வழிகாட்டிகள் ஓடிவந்து தோண்டியிராவிட்டால் தொகை இன்னும் கூடியிருக்கும். பத்தில் ஒன்பது என்று மேலே சொன்ன கணக்கின் மீதி ஒன்று இதுதான்.

அதன்பின் இறந்த பிள்ளைகளின் பெற்றோர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. மீளாய்வுகள் நடந்தன. கனடாவின் தேசியப் பூங்கா நிர்வாகம் நிலப்பரப்புகளைப் பனிச்சரிவுக்கு ஆட்படும் அளவுப்படி எளியது, சவாலானது, சிக்கலானது என மூன்றாகப் பிரித்தது. வயது வராத பிள்ளைகளின் குழுக்களைச் சிக்கலான நிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. சவாலான நிலத்துக்குத் தகுதிபெற்ற வழிகாட்டி வேண்டும். 2004இல் பொதுமக்களுக்கான தேசியப் பனிச்சரிவு மையமும் உருவானது. இன்று அவலாஞ்ச் கனடா என்ற பெயரில் அதுவே அங்குள்ள அறிக்கைகளைத் தருகிறது.

பத்து நிமிடம்

புதைபட்டவர் இறப்பது பெரும்பாலும் மூச்சடைத்துத்தான். முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அது மூன்றில் ஒருவராக விழுகிறது. ஹெலிகொப்ரர் எவ்வளவு விரைந்தாலும் இந்தப் பத்து நிமிடத்துக்குள் வந்துசேர்வது அரிது. ஆகவே உயிரைக் காப்பவர் பக்கத்தில் நிற்கும் நண்பர். தனியாகப் போகக்கூடாது என்பதற்கும், கூடப் போகும் எல்லோருக்கும் தோண்டத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

ஒவ்வொருவரிடமும் மூன்று பொருட்கள் இருக்கவேண்டும்: எல்.வி.எஸ். எனப்படும் தேடற்கருவி, சோதனைக்கோல், பனி அள்ளும் சவள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் அரைப்பயன். தேடற்கருவி 457 கிலோஹேர்ட்சில் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். தேடும்போது எல்லோரும் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றுவார்கள். கைத்தொலைபேசி அதைக் குழப்பும். அனுப்பும்போது 20 சென்ரிமீற்றரும், தேடும்போது 50 சென்ரிமீற்றரும் தள்ளி வைக்கவேண்டும். பற்றரியால் சூடாகும் கையுறைகளும் அப்படித்தான். பிள்ளைக்குக் குளிரும் என்று அந்தக் கையுறையை வாங்கிக் கொடுத்திருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் அடிபட்டுப் போகும்போது, அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தைக் கண்ணால் பிடித்துவைக்க வேண்டும். உடனே அழைப்பு எடுத்து, தேடல் தொடங்கவேண்டும். கருவி மிகக் குறைந்த எண்ணைக் காட்டும் இடத்தில் கோலால் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டதும் கோலை எடுக்காமல் அப்படியே விட்டு, அதற்குச் சற்றுக் கீழ்ப்பக்கச் சரிவிலிருந்து உள்நோக்கித் தோண்டவேண்டும். மேலிருந்து நேரே கிணறு தோண்டினால் பனி திரும்பவும் உள்ளே விழும், மூச்சுவெளியையும் மிதித்துவிடுவோம். முகத்தைக் கண்டதும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை அகற்றவேண்டும். மூச்சு இல்லாவிட்டால், முதலில் மூச்சுக் கொடுத்து உயிர்ப்பிப்பைத் தொடங்கவேண்டும். இவை வாசித்துப் பழகும் விடயங்கள் அல்ல. குளிர்காலத் தொடக்கத்தில் மலைக்கழகங்கள் நடத்தும் ஒருநாள், இருநாள் வகுப்புகளில் பனியில் கருவியைப் புதைத்துத் தேடிப் பழகவேண்டும். பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கும் பெற்றோருக்கு அந்த வகுப்புக் கட்டணம் நல்ல யோசனை.

காற்றுப்பை உள்ள முதுகுப்பையும் இருக்கிறது. இழுத்தால் ஊதிப் பெருத்து, ஓடும் பனியின் மேற்பரப்பில் ஆளை வைத்திருக்க உதவும். உதவும் என்பதற்கு மேல் சொல்லமுடியாது. பாறையிலோ மரத்திலோ மோதினால் பையால் ஒன்றும் ஆகாது.

மலைக் குடும்பங்களில் இந்த அறிவு பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போகிறது. எந்தச் சரிவு எந்த மாதத்தில் இறங்கும், எந்த ஓடையை மதியத்துக்குப் பின் கடக்கக்கூடாது என்று வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லப்படுகிறது. சுவிற்சர்லாந்தும் ஒஸ்திரியாவும் விண்ணப்பித்து, பனிச்சரிவு ஆபத்தைக் கையாளும் இந்த அறிவு 2018இல் யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எமது பிள்ளைகள் அந்த நாட்டில் பிறந்தவர்கள். ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசையில் வளர்ந்தவர்கள் அல்ல. எங்கள் மேசையில் பேசப்பட்டது வேறு கதை, வேறு ஆபத்துகள். ஆகவே அவர்கள் இதைக் காசு கொடுத்து, வகுப்பில் இருந்து படிக்கவேண்டியிருக்கிறது. படித்தவர்கள் தங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், இன்னொரு தலைமுறையில் அது எமக்கும் வீட்டுப்பேச்சாகிவிடும்.

சறுக்கத் தெரியாத தாய் தகப்பனும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. இன்றைய அறிக்கை எத்தனை? எந்தத் திசைக்கு? நீங்கள் போகும் வழியில் 30 பாகைக்கு மேல் எவ்வளவு தூரம்? எத்தனை பேர் போகிறீர்கள், எல்லோரிடமும் மூன்று பொருளும் இருக்கிறதா? சரியில்லை என்றால் வேறு எங்கே போவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அந்தக் குழுவிடம் திரும்பிவரும் எண்ணம் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம்.

போகும் வழியை ஒரு தாளில் எழுதி வாங்கி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். மலையின் பெயர், எந்தத் தரிப்பிடத்திலிருந்து ஏறுகிறார்கள், கூடப் போகிறவர்களின் தொலைபேசி இலக்கங்கள், எத்தனை மணிக்கு இறங்கிச் செய்தி அனுப்புவார்கள் என்பவை அதில் இருக்கவேண்டும். சொன்ன நேரம் கடந்து, தொலைபேசியும் எடுக்கவில்லை என்றால் சுவிற்சர்லாந்தில் வான்வழி மீட்புச் சேவையான றேகாவின் 1414ஐ அழையுங்கள். வாலிஸ் மாநிலத்தில் 144. ஒஸ்திரிய மலைமீட்புக்கு 140. ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலியில் 112. கனடாவில் 911. ஜேர்மன் மொழி தடுமாறினாலும் அந்தத் தாளில் உள்ளதை வாசித்தால் போதும். எங்கே தேடுவதென்று அவர்களுக்கு விளங்கும்.